மண்ணுக்கடியில் ஒரு மாநகரம்: அலெக்சாந்திரியாவைச் சுற்றிப் பார்க்கும் முறை

அலெக்சாந்திரியாவுக்குப் போகும் பயணிகளில் பலர் காலையில் கெய்ரோவிலிருந்து வேனில் கிளம்பி, நான்கு இடங்களை அவசரமாகப் பார்த்து, கடலோரத்தில் மீன் சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுகிறார்கள். திரும்பியபின், "அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்லவும் செய்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மாசிடோனிய அரசன் அலெக்சாந்தர் கி.மு. 331இல் நிறுவிய இந்நகரத்தின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கமோ, நூலகமோ, அவனுக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் அரண்மனையோ இன்று நிற்கவில்லை. நிலநடுக்கமும் கடலும் ஒரு பகுதியைக் கொண்டுபோயின. எஞ்சியதன் மேல் 19ஆம் நூற்றாண்டில் புதிய நகரம் எழுந்து அப்படியே மூடிக்கொண்டது. லக்சரில் கோயில் தூண்கள் வரிசையாக நின்று நம்மை எதிர்கொள்வது போல இங்கே எதுவும் எதிர்கொள்ளாது. இந்த நகரத்தைப் பார்ப்பதற்குக் குறைந்தது இரண்டு இரவுகளும், வலுவான செருப்பும், பழைய வரைபடம் ஒன்றின் நினைவும் வேண்டும்.

அந்த வரைபடம் எளிதானது. வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே மரியூத் ஏரி, இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம், இவ்வளவுதான் அலெக்சாந்திரியா. கரைக்கு எதிரே ஃபாரோஸ் என்ற தீவு இருந்தது. அதையும் கரையையும் இணைக்க, ஏழு ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு) நீளம் என்ற பொருளில் 'ஹெப்டஸ்டேடியன்' எனப்பட்ட அணையைக் கிரேக்கர் கட்டினர். இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து அந்த அணையே அகன்ற நிலமாகிவிட்டது. இன்றைய மன்ஷியா சதுக்கத்திலிருந்து அன்ஃபூஷி நோக்கி நடப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, பழைய கடலின் மேல்தான் நடக்கிறார். அதே போல, பழைய நகரத்தின் முதன்மைச் சாலையான கனோபிய வீதியின் தடத்தில்தான் இன்றைய ஃபுவாத் தெரு ஓடுகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற இடங்கள் தாமாகவே தத்தம் இடத்தில் பொருந்திக்கொள்ளும்.

எப்போது போவது

ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர் மாதமும் நல்லவை. வசந்தத்தில் 'கம்சீன்' என்ற வெப்பப் புழுதிக்காற்று சில நாட்கள் வீசக்கூடும். அந்நாட்களில் அருங்காட்சியகங்களுக்குள் இருப்பது மேல். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கெய்ரோவே இங்கு குடிபெயர்ந்தது போலிருக்கும். விடுதி வாடகையும் நெரிசலும் ஏறிவிடும்.

குளிர்காலத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எகிப்து என்றாலே மழையில்லாப் பாலைவனம் என்று எண்ணிக் கிளம்புகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே நனைந்துபோவார்கள். கடலிலிருந்து வரும் புயல்மழையை அலெக்சாந்திரியர் 'நவ்வா' என்கிறார்கள். ஒவ்வொரு நவ்வாவுக்கும் ஒரு பெயரும், ஏறத்தாழ ஒரு தேதியும் உண்டு. நவம்பர் நடுவில் வருவது 'மக்னஸா', அதாவது துடைப்பம், டிசம்பரில் 'காசிம்', ஜனவரியில் 'ஃபைதா'. மீனவர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் இந்தக் கணக்கை நகரமே பின்பற்றுகிறது. நவ்வா அடிக்கும் நாளில் அலைகள் கோர்னிஷ் எனப்படும் கடற்கரைச் சாலையின் சுவரைத் தாண்டி வாகனங்களின் மேல் விழும், துறைமுகம் மூடப்படும், தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். குளிர்காலத்தில் போகிறவர்கள் கடலோர இடங்களுக்கு நாள் குறிக்காமல், வானம் தெளிந்த நாளில் அங்கே போவதாக வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டமும் அப்போதுதான் குறைவு. மழைக்குப் பிந்தைய வெயிலில் இந்த நகரம் அழகாகவும் இருக்கும்.

ரமலான் மாதத்தில் பார்வை நேரங்கள் சுருங்கும், பகலில் உணவகங்கள் பல மூடியிருக்கும். இரவு விழித்திருக்க முடிந்தவர்களுக்கு அதுவும் நல்ல காலமே.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

நம்மவர்கள் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி கெய்ரோவுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் வருவார்கள். நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் புர்ஜ் அல்-அரப் விமான நிலையமும் உண்டு. வளைகுடாவிலிருந்து அதற்கும் நேரடி விமானங்கள் வருகின்றன. விசா விதிகள் கடவுச்சீட்டைப் பொறுத்தும், கையில் வேறு எந்த நாட்டு விசா இருக்கிறது என்பதைப் பொறுத்தும் வேறுபடுவதால், முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல் எகிப்தியத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கெய்ரோவின் ராம்சிஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயில்கள் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரத்தில் வந்து சேர்கின்றன. 1856இல் முழுமையடைந்த இந்தப் பாதை ஆப்பிரிக்காவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. நைல் டெல்டாவின் வயல்களையும் கால்வாய்களையும் ஊடறுத்துப் போவதால், சாலையில் வருவதைவிட ரயிலில் வருவதே காட்சிக்கு நல்லது. அலெக்சாந்திரியாவில் ரயில் இரண்டு இடங்களில் நிற்கும். முதலில் வருவது சீதி காபிர். கிழக்குப் பகுதியில் தங்குகிறவர்கள் அங்கே இறங்கலாம். பழைய நகரத்தில் தங்குகிறவர்கள் அவசரப்பட்டு எழுந்துவிடாமல், கடைசி நிறுத்தமான 'மஹத்தத் மஸ்ர்' வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரும் எழுவதைப் பார்த்து சீதி காபிரிலேயே இறங்கி, பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு டாக்சி தேடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

முதல்முறை போகிறவர்கள் மஹத்தத் எர்-ரம்ல் சதுக்கத்தைச் சுற்றித் தங்குவதே சரி. கோர்னிஷ், ஃபுவாத் தெரு, அருங்காட்சியகங்கள், பழைய காபிக் கடைகள் எல்லாம் அங்கிருந்து நடைதூரம். இந்தப் பகுதியில் விடுதிகள் பல பழைய கட்டடங்களின் மேல்மாடிகளில் இருக்கின்றன. இரும்புக் கம்பிக் கதவு கொண்ட பழங்கால லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யுமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவுக்கு முன்பே எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொள்ளட்டும். கடலைப் பார்த்த அறை என்றால் இரவு முழுவதும் ஹாரன் சத்தமும் உண்டு என்று பொருள். அந்த ஜன்னலுக்கும் காலைக் கடலுக்கும் ஆசைப்படுகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்; நான் பொறுத்துக்கொள்ளும் கட்சி.

பணம், எண்கள், வண்டிகள்

எகிப்திய பவுண்டைப் பேச்சில் 'கினே' என்பார்கள். தொல்லியல் இடங்கள், அருங்காட்சியகங்கள் பலவற்றில் நுழைவுச்சீட்டுக்கு இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, வங்கி அட்டை மட்டுமே. வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அட்டையை ஊரிலேயே செயல்படுத்திக்கொண்டு, மாற்றாக இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர்மாறாக, டாக்சி, டீ, உணவு, பக்ஷீஷ் எல்லாவற்றுக்கும் சில்லறை நோட்டு வேண்டும். விளக்கைப் போட்டுக் காட்டும் காவலாளி, கழிவறையில் தாள் தருபவர், பெட்டியைத் தொட்டுக் கொடுத்தவர் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கேட்காமல் செய்த உதவிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை; "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சிரித்துக்கொண்டே சொல்லி நகர்ந்துவிடலாம்.

விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அரபு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது, இந்தக் கட்டுரை தரக்கூடிய அறிவுரைகளில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் ஆகும். பேருந்து எண், விலைப்பலகை, ரயில் இருக்கை எல்லாவற்றிலும் அவைதான் இருக்கும். ஒன்றும் ஒன்பதும் நாம் எழுதுவது போலவே இருக்கும். ஐந்து என்பது நம் பூஜ்யத்தைப் போல ஒரு சிறு வட்டம். பூஜ்யமோ வெறும் புள்ளி. ஆறு, நம் கண்ணுக்கு ஏழு போலத் தோன்றும். ஏழு மேல்நோக்கி விரிந்த கவட்டை போலவும், எட்டு அதையே தலைகீழாகக் கவிழ்த்தது போலவும் இருக்கும். வட்டத்தைப் பூஜ்யம் என்று நினைத்து ஐம்பத்தைந்தாவது இருக்கைக்காரர் பெட்டி முழுவதும் அலைவது அன்றாடக் காட்சி.

டாக்சிகள் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். மீட்டரை நம்ப முடியாது. ஏறும்முன் கட்டணம் பேசிவிட வேண்டும், அல்லது கைப்பேசிச் செயலியில் வண்டி அழைக்க வேண்டும். வெளியூர்க்காரர் கண்ணில் படாத வழி ஒன்று உண்டு. கெய்ரோவில் 'மைக்ரோபாஸ்' எனப்படும் சிற்றுந்தை இங்கே 'மஷ்ரூ' என்கிறார்கள். கோர்னிஷ் நெடுகிலும் அவை இடைவிடாமல் ஓடும். கையை நீட்டினால் நிற்கும்; போகும் இடத்தின் பெயரை ஜன்னல் வழியே சொல்ல, ஓட்டுநர் தலையசைத்தால் ஏறிக்கொள்ளலாம். காசு பின்னிருக்கையிலிருந்து தோள் தோளாகக் கைமாறி முன்னே போகும், மீதியும் அதே வழியில் ஒரு காசு குறையாமல் திரும்பி வரும். நேர்கோடாகக் கிடக்கும் நகரம் என்பதால் தவறான வண்டியில் ஏறுவதும் அரிது. 1863இல் ஓடத் தொடங்கிய ரம்ல் டிராம் இந்நகரத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் அந்தப் பாதையை நவீனமாக்கும் திட்டம் இருப்பதால், டிராமை நம்பி நேரம் வகுக்காமல், அன்றைய நிலையை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர்னிஷைக் கடப்பது தனிக்கலை. பல தடங்களில் வண்டிகள் வேகம் குறையாமல் வரும். சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லாத இடத்தில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று கடக்கும்வரை காத்திருந்து, அவர்களுக்கு அருகே ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

முதல் நாள்: தரைக்குக் கீழே

காலை முதல் வேலையாக டாக்சி பிடித்து, நகரின் தென்மேற்கிலுள்ள கோம் எஷ்-ஷுகாஃபா சுரங்கக் கல்லறைகளுக்குப் போங்கள். அலெக்சாந்திரியாவில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், கோட்டையையும் நூலகத்தையும் விட்டுவிட்டு இதைத்தான் பார்க்கச் சொல்வேன். 1900ஆம் ஆண்டில் கழுதை ஒன்று நிலம் உள்வாங்கி விழுந்ததில் இது வெளிப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கல்லறை பாறைக்குள் மூன்று அடுக்காகக் குடையப்பட்டிருக்கிறது. 99 படிகள் கொண்ட சுழற்படிக்கட்டு, நடுவிலுள்ள கிணறு போன்ற குழியைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது. அந்தக் குழியின் வழியாகத்தான் உடல்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். படிகள் ஈரமாக இருக்கலாம். வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி அவசியம். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும்.

கீழே போனதும் இடப்புறத்தில், மூன்று பக்கமும் கல் திண்ணைகள் கொண்ட அறை ஒன்று வரும். இறந்தவரின் உறவினர்கள் நினைவு நாட்களில் வந்து, அந்தத் திண்ணைகளில் சாய்ந்து விருந்துண்டார்கள். சாப்பிட்ட மண்பாண்டங்களை வெளியே எடுத்துப்போக மனமில்லாமல் உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். இந்த மேட்டின் பெயருக்குப் பொருளே 'ஓட்டாஞ்சில்லு மேடு' என்பதுதான். இரண்டாம் அடுக்கிலுள்ள முதன்மைக் கல்லறையின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். வாயிலின் இருபுறமும் தாடி வைத்த பாம்புகள், எகிப்திய இரட்டை முடியைத் தலையில் சுமந்து நிற்கும். அவற்றுக்கு மேலே கிரேக்கரின் மெடூசா முகம் பதித்த கேடயங்கள். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால், நரித்தலைத் தெய்வமான அனூபிஸ் ரோமானியப் படைவீரனின் மார்புக்கவசமும் வாளும் ஈட்டியுமாகக் காவல் நிற்கிறார். உள்ளே போகும்போது இவர் முதுகுப்புறமாகிவிடுவார் என்பதால் பலரும் பார்க்காமலே வெளியேறிவிடுகிறார்கள். பக்கச் சிலைகளின் உடல் எகிப்திய முறையில் விறைத்து நிற்க, முகமும் தலைமுடியும் ரோமானியருடையவை. மூன்று மொழி பேசிய, மூன்று மரபுத் தெய்வங்களையும் விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு குடும்பம் தன் சாவுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நூறு பக்கம் வரலாறு படித்தாலும் பழைய அலெக்சாந்திரியா எப்படிப்பட்ட ஊர் என்று இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மூன்றாவது அடுக்கு நெடுங்காலம் நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடந்தது. நீரை வெளியேற்றும் பணி 2019இல் முடிந்தது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் 'அமூத் எஸ்-ஸவாரி' இருக்கிறது. வழிகாட்டிகள் பாம்பேயின் தூண் என்பார்கள். ரோமானியத் தளபதி பாம்பேக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பேரரசர் டயோக்ளீஷியனைச் சிறப்பிக்க 3ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நிறுத்தப்பட்ட இந்தத் தூண், அடிப்பீடமும் தலைப்பகுதியும் சேர்த்து ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். அதில் 20 மீட்டருக்கு மேற்பட்ட நடுத்தண்டு அஸ்வானில் வெட்டிய ஒரே செங்கல்நிறக் கருங்கல். தூணைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இந்த மேடுதான் கிரேக்க, எகிப்திய மரபுகள் கலந்த தெய்வமான செராபிஸின் கோயில் இருந்த இடம், கி.பி. 391இல் அது இடிக்கப்பட்டது. தூணுக்குக் கீழே குடைந்த சுரங்கங்கள் திறந்திருந்தால் இறங்கிப் பார்க்கலாம்.

பிற்பகலில் மஹத்தத் மஸ்ருக்கு அருகிலுள்ள கோம் எத்-திக்கா. 1960இல் போலந்துத் தொல்லியலாளர்கள் தோண்டத் தொடங்கியபோது, 13 வரிசைப் பளிங்கு இருக்கைகள் கொண்ட அரைவட்ட அரங்கம் வெளிப்பட்டது. எல்லோரும் அரங்கின் நடுவில் நின்று பேசி எதிரொலியைச் சோதித்துப் பார்ப்பார்கள், நீங்களும் பார்க்கலாம். அதைவிட முக்கியமானவை அதன் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் இருபதுக்கும் மேற்பட்ட சிறு விரிவுரைக் கூடங்கள். சுவரோரம் மூன்று பக்கமும் மாணவர் அமரும் கற்படிகள், தலைப்பக்கத்தில் ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. நூலகம் போனபிறகும் இந்நகரத்தில் கல்வி போகவில்லை என்பதற்கு இவை சாட்சி. அதே நுழைவாயிலுக்குள் பறவைகளின் மாளிகை என்ற வீட்டின் தரை ஓவியங்களும் உண்டு; அதற்குத் தனிச்சீட்டு கேட்பார்கள், கொடுக்கலாம்.

கால்கள் தாங்கினால் கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்தையும் அன்றே சேர்த்துவிடலாம். தாங்காவிட்டால் மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள், களைத்த கண்ணோடு பார்க்கக்கூடிய இடம் அன்று. 1892இல் தொடங்கப்பட்டு, 2005 முதல் மூடிக்கிடந்து, 2023 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தது. செராபிஸ் கோயிலிலிருந்து வந்த கறுப்புக் கல்லாலான காளைத் தெய்வம் ஆப்பிஸ், அரசி இரண்டாம் பெரனீக்கியின் முகம் பதித்த தரை ஓவியம், குழந்தைகளும் பெண்களுமான சின்னஞ்சிறு சுடுமண் உருவங்கள் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். மிளகு வணிகத்தை நினைப்பவர்களுக்கு இங்கே சற்று நின்று போகத் தோன்றும். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களை அகநானூறு சொல்கிறது. அந்தக் கலங்கள் முசிறியிலிருந்து செங்கடல் துறைக்கு வர, சரக்கு ஒட்டகத்தில் நைல் நதிக்கும், பின்பு படகில் இந்த அலெக்சாந்திரியாவுக்கும் வந்து, இங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் செலுத்தியது. முசிறியில் சரக்கேற்றிய ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் இதைச் சொல்கிறது. அது இப்போது வியன்னாவில் இருக்கிறது.

மாலையில் ஃபுவாத் தெருவில் நடந்து ரம்லுக்குத் திரும்புங்கள். இத்தாலியரும் கிரேக்கரும் சிரியரும் கட்டிய 19, 20ஆம் நூற்றாண்டு மாளிகைகள் மேல்மாடி வரை அழுக்கேறி நிற்கும். சில கட்டடங்களின் உப்பரிகைகள் உதிர்வதால், கழுத்தை உயர்த்திப் பார்ப்பவர் நடைபாதையின் வெளியோரத்தில் நிற்பது நல்லது. கிரேக்கக் கவிஞர் கவாஃபி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த அடுக்குவீடும் அருகிலுள்ள தெருவொன்றில் அருங்காட்சியகமாக உள்ளது. ரம்ல் சதுக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால், நீங்கள் இருப்பது சீசர் கோயிலின் முற்றம் என்று கொள்ளலாம். 'கிளியோபாத்ராவின் ஊசிகள்' என்று பெயர்பெற்ற இரண்டு கல்தூண்கள் இங்கேதான் நின்றன. ஒன்று 1878இல் லண்டனிலும், மற்றொன்று 1881இல் நியூயார்க்கிலும் நிறுத்தப்பட்டன.

இரண்டாம் நாள்: கடலோரம்

கைத்பே கோட்டையைத் திறந்தவுடன் பாருங்கள். பத்து மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துகள் வந்துவிடும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுந்து, நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, உலக அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்றது இந்த முனையில்தான். அடுத்தடுத்த நிலநடுக்கங்களில் அது சரிந்தது. 1303ஆம் ஆண்டு நடுக்கம் பெருஞ்சேதம் செய்தது. 1326இல் வந்த பயணி இப்னு பதூதா ஒரு பக்கம் இடிந்திருந்ததாக எழுதினார். 1349இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை என்கிறார். இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையில்தான் அவர் மதுரை வரை வந்து போனார். மம்லூக் சுல்தான் கைத்பே 1477இல் அதே இடத்தில் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். விளக்கத்தின் கற்களும் இதில் சேர்ந்தன. உள்ளே அறைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். மேல்தளத்தின் கடற்பக்கச் சாளரங்களில் நின்று, கீழே தண்ணீரில் தெரியும் பாறைகளைப் பாருங்கள். 1990களில் முக்குளித்த ஆய்வாளர்கள் அந்த அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான பழங்கற்களைப் பதிவு செய்தார்கள். அப்படி மேலே வந்த தாலமி மன்னரின் பேருருவச் சிலையைப் பிற்பகலில் நூலக வாயிலில் காண்பீர்கள்.

கோட்டையிலிருந்து தெற்கே நடந்தால் அபுல் அப்பாஸ் அல்-முர்ஸி பள்ளிவாசல். ஸ்பெயினின் முர்சியாவிலிருந்து வந்து இங்கேயே அடங்கிய 13ஆம் நூற்றாண்டு ஷாதுலிய்யா சூஃபி மரபின் ஞானி அவர்; இப்போதுள்ள வெண்ணிறக் கட்டடம் இத்தாலியக் கட்டடக்கலைஞர் மாரியோ ரோஸி வரைந்தது. அதற்கு அருகிலேயே சிறிய பள்ளிவாசல் ஒன்றில் இமாம் பூஸிரி அடங்கியிருக்கிறார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் ஓதப்படும் நபிபுகழ்ப் பாடலான 'கஸீதத்துல் புர்தா'வை இயற்றியவர் இவரே. அந்த ஓசையோடு வளர்ந்தவர்களுக்கு இது வெறும் சுற்றுலா இடமாக இருக்காது. தொழுகை நேரம் தவிர மற்றவரும் போகலாம். காலணியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

மதிய உணவு இந்தப் பகுதியிலேயே. மீன் கடைகளில் பனிக்கட்டி மேல் பரப்பிய மீனை நாமே தேர்ந்தெடுத்து, கிலோ விலை பேசி, நம் கண்முன் எடை போடச் சொல்லி, பிறகு சமைக்கும் முறையைச் சொல்ல வேண்டும். எடை சமைக்கும் முன்னுள்ள எடைதான். சமையல் கூலி, சாலட், ரொட்டி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டால் பின்னால் முகம் சுளிக்க நேராது. 'பூரி' என்றால் இங்கே மடவை மீன். தவிட்டில் புரட்டிச் சுட்டுத் தருவார்கள். 'சிங்காரி' என்றால் முதுகைப் பிளந்து விரித்து, தக்காளியும் வெங்காயமும் மிளகாயும் பரப்பி அடுப்பில் வேகவைப்பது. கூடவே வெங்காயத்தைக் கருக வதக்கிச் செய்த 'சையாதிய்யா' சோறு கேளுங்கள். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அவித்து மசித்த மொச்சை போன்ற 'ஃபூல்', சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்த 'குஷரி', கெய்ரோவில் தஅமிய்யா எனப்பட்டு இங்கே ஃபலாஃபெல் என்றே சொல்லப்படும் பருப்பு வடை ஆகியவை எங்கும் கிடைக்கும். "நபாத்தி" (சைவம்) என்று சொன்னால் புரியாத இடத்தில் "ஸியாமி" என்று சொல்லிப் பாருங்கள். அது கோப்டிக் கிறித்தவர் நோன்புநாள் உணவின் பெயர். இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராது. மீன் மட்டும் சில நோன்புகளில் அனுமதி என்பதால் அதைத் தனியே கேட்டுக்கொள்ளவும்.

பிற்பகலில் கோர்னிஷ் வழியே கிழக்கே வந்தால் ஷாத்பியில் பிப்லியோதெக்கா அலெக்சாந்திரினா, 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகம். கடலை நோக்கிச் சாய்ந்த 160 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தட்டு போன்ற கூரையும், உலகின் 120 எழுத்துமுறைகளிலிருந்து எழுத்துகள் செதுக்கிய அஸ்வான் கருங்கல் சுவரும் அதன் அடையாளங்கள். சுவரைச் சுற்றி வருவதற்குச் சீட்டு வேண்டாம். உள்ளே 11 தளங்களாகப் படியிறங்கும் வாசிப்புக்கூடத்தை வழிகாட்டியோடு பார்க்கலாம்; பெரிய பைகளை வெளியே ஒப்படைக்க வேண்டும், பார்வை நேரம் கிழமைக்குக் கிழமை மாறுவதால் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய நூலகத்தை எரித்தவர் இன்னார் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். கி.மு. 48இல் சீசர் மூட்டிய தீயும், புரவலர் இல்லாமல் போன நூற்றாண்டுகளும், பின்வந்த போர்களும் சேர்ந்தே அதைத் தேய்த்தன. கலீபா உமர் எரிக்கச் சொன்னார் என்ற கதை, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியே எழுத்தில் வருகிறது.

சில எச்சரிக்கைகள்

ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள். மேற்குத் துறைமுகத்தையும், ராஸ் எத்-தீன் அரண்மனையையும், கடற்படை வாயில்களையும் படமெடுக்க வேண்டாம். நீந்துகிறவர்கள் கொடி பார்த்து இறங்க வேண்டும். மேற்கே அகமியிலுள்ள நகீல் கடற்கரை, இழுத்துப்போகும் நீரோட்டத்தால் உயிர்ப்பலிக்குப் பெயர்போனது, அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழக்குக் கோடியிலுள்ள முந்தஸா அரண்மனைத் தோட்டம் நல்ல நிழல். குழந்தைகள் உடன் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள் கிடைத்தால் மேற்கே சுமார் 100 கிலோமீட்டரிலுள்ள அல்-அலமைன் போர்க்கல்லறைக்குப் போகச் சொல்வேன். 1942 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடந்த போரில் இந்தியப் படைவீரர்களும் இருந்தார்கள். அங்கே தகன நினைவிடம் ஒன்று தனியாக உண்டு. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 600க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. நிழல் கிடையாது; தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, போய்வருவதற்கும் காத்திருப்புக்கும் சேர்த்து ஒரே தொகையாக டாக்சி பேசுங்கள்.

கெய்ரோவுக்குத் திரும்பும் ரயில்சீட்டை வந்து இறங்கிய அன்றே எடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் விடுமுறைக்கு வந்த கெய்ரோக்காரர்கள் சனிக்கிழமை மாலை ஒரே நேரத்தில் திரும்புவார்கள். ஏறுவதற்கு சீதி காபிர் வேண்டாம். அங்கே ரயில் சில நிமிடங்களே நிற்கும். அது புறப்படும் மஹத்தத் மஸ்ருக்கே போய், அரை மணி முன்னதாகப் பெட்டியை மேலே வைத்துவிட்டு, இருக்கை எண்ணிலுள்ள வட்டம் ஐந்தா என்று இன்னொருமுறை பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.